மாதக் கடைசிக்குள் ஓர் இரவு

குதித்தால் கை தட்ட வேண்டும். இந்த மதியத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே வேலை அதுதான் என்று சாருலதாவுக்குப் பட்டது. நீலத் தொப்பி போட்ட நித்திலா நீச்சல்குளத்தின் விளிம்பில் வந்து நிற்பாள், மூக்கைப் பொத்திக்கொள்வாள், "அம்மா பாரு, அப்பா பாரு" என்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லிவிட்டுத் தொப்பென்று தண்ணீரில் விழுவாள். இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியிலிருந்து சாருலதாவும் எதிர்ப்பக்கம் குடைக்கடியிலிருந்து முகுந்தனும் தட்டுவார்கள். ஒன்பது வயதுப் பெண் நெஞ்சளவுத் தண்ணீரில் குதிப்பதற்குக் கை தட்ட என்ன இருக்கிறது. ஆனால் ஒரு தடவை அவள் மறந்துபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நித்திலா தண்ணீரிலிருந்து எழுந்து முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, ஏதோ சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அதற்குப் பிறகு சாருலதா ஒரு குதியைக்கூடத் தவறவிடவில்லை. மதிலுக்கு அப்பால் கடல் தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. இதே கடல்தான் திருவான்மியூரிலும் இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு பஸ், பத்து ரூபாய்க்கு மாங்காய்கூடக் கிடைக்கும். இங்கே அதே கடலைப் பார்க்க அறைக்குத் தனி விலை. விலை இல்லை, பாயிண்ட். பாயிண்ட் என்று சொன்னால் விலை இல்லாமல் போய்விடுமா. இதற்கு இது தகுமா என்று காலையிலிருந்து மனசு கேட்டுக்கொண்டே இருந்தது, எதற்கு எது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் முகுந்தன்தான் போன் செய்தான். ஹோட்டல்காரனிடமிருந்து மெயில் வந்திருக்கிறது, இத்தனை வருஷம் டூரில் தங்கிச் சேர்த்த பாயிண்ட் எல்லாம் அடுத்த மாதக் கடைசியோடு காலாவதி, காசாக மாற்ற முடியாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, மகாபலிபுரம் பக்கத்தில் கடலோரமாக ஒரு பெரிய ஹோட்டல், ஒரு ராத்திரிக்குத்தான் வரும் என்றான். "வீணாப் போறதுக்கு நித்திக்கு ஒரு நாள் இருக்கட்டுமே. உங்களுக்கு சரின்னா மட்டும். நீங்க யோசிச்சு சொல்லுங்க." அந்த நீங்கதான் அவளை ஒரு நிமிஷம் பேசவிடாமல் செய்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீங்க என்பாள், அவன் அவளை நீ என்பான், வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம், எல்லா வீட்டிலும் அப்படித்தான். கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டு வெளியே வந்த அன்று, ஆட்டோ பிடித்துக் கொடுக்கும்போது, "பாத்துப் போங்க" என்றான். அவன் அறியாமல் வந்ததா, யோசித்து வைத்திருந்ததா. பன்னிரண்டு வருஷமாகக் கிடைக்காத மரியாதை பிரிந்துபோகும்போது கிடைக்கிறது என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள், அக்கா சிரிக்கவில்லை. இரண்டு எழுத்துக்குள் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இங்கே நித்திலா பக்கத்தில் இருப்பதால் இன்று காலையிலிருந்து அவன் மறுபடியும் நீ என்கிறான். "நீ ஜன்னல் பக்கம் உக்காரு", "நீ சாப்டியா". ஒவ்வொரு தடவையும் யாரோ பழைய வீட்டுச் சாவியைக் கையில் திணிப்பதுபோல் இருக்கிறது, பூட்டு மாற்றிய பிறகு. அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் அது சுலபமாக வரவில்லை என்று தெரிகிறது. வாயைத் திறக்குமுன் ஒரு நொடி நிற்கிறான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லாததற்குக் காரணம் நித்திலா என்றுதான் அக்காவிடம் சொன்னாள், அது முக்கால்வாசி உண்மை. மீதிக் காலில் ஒரு வீம்பு இருந்தது. அந்தப் பாயிண்ட் அவனுடையது மட்டுமா. மருத்துவமனைகளுக்கு மிஷின் விற்கிற வேலை அவனுக்கு, இந்தூர், நாக்பூர், ராய்ப்பூர் என்று மாதத்தில் பாதி ராத்திரி வெளியே. அவன் ஒரு ராத்திரி அங்கே படுத்தால் அவளும் ஒரு ராத்திரி இங்கே தனியாகத்தானே படுத்தாள். அவன் கணக்கில் பாயிண்ட் ஏறியது. அவள் கணக்கில் எதை ஏற்றுவது, அதற்கு எந்தக் கம்பெனி கார்டு கொடுக்கும். நித்திலாவுக்கு மூன்று வயதில் ஜுரம் ஏறி உடம்பு வெட்டி இழுத்த ராத்திரி, வேளச்சேரி மெயின் ரோட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றது, அதுவும் இந்த நீச்சல்குளத்தில் ஒரு வாளித் தண்ணீராகவாவது கலந்திருக்கும். மறுநாள் காலை அவன் போனில் கூப்பிட்டபோது அவனுக்கு ஒன்றும் தெரியாது. "இங்க பாத்ரூமே நம்ம ஹால் அளவு இருக்கு சாரு" என்று குழந்தை மாதிரி சொன்னான். அவள் அப்போது கட்டிலுக்கடியில் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தப்பு அதில் என்ன. அவள் சொன்ன பிறகு அடுத்த விமானத்தில் வந்துவிட்டான். ஆனாலும் இன்று அறைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் போய்ப் பார்த்தது பாத்ரூமைத்தான். ஹால் அளவு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு, கல்லில் குடைந்த தொட்டி, தொட்டிப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலில் கடல். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குளிர்ந்த தரையில் வெறும் காலோடு நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எங்கே கை வைத்தால் தண்ணீர் வரும் என்று தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்து, ஏதோ ஒன்று பட்டு, மேலேயிருந்து கொட்டித் தோள் நனைந்துபோயிற்று. வெளியே வந்ததும் முகுந்தன் நனைந்த தோளைப் பார்த்தான். முன்பானால் சிரித்திருப்பான்.

"அம்மா பாரு, அப்பா பாரு." தொப். தட்டினாள்.

கட்டில்தான் பெரிய பிரச்சினை. முகுந்தன் பதிவு செய்தது இரண்டு தனிக் கட்டில் போட்ட சாதாரண அறை. ஒன்றில் அவளும் நித்தியும், ஒன்றில் அவன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி, அவள் சரி என்று சொல்லி, அதைப் பேசி முடிப்பதற்குள் இருவருக்கும் வேர்த்துவிட்டது. இங்கே வந்தால் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், காதோரம் மல்லிகைச் சரம், வாயெல்லாம் சிரிப்பு, "சார் எங்க கோல்ட் மெம்பர், அதனால உங்களுக்குக் கடல் பாக்கற பெரிய ஸ்வீட் ரூமா மாத்திக் கொடுத்திருக்கோம். ஃபேமிலியா முதல் தடவை வர்றீங்க, இல்லையா மேடம்? என்ஜாய் பண்ணுங்க" என்று சாவி அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். முகுந்தன் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய ரூமே போதுமே" என்றான். அவள் புரியாமல், "சார், எக்ஸ்ட்ரா எதுவும் கிடையாது சார், ஃப்ரீதான்" என்றாள். நித்திலா அதற்குள் ஸ்வீட், ஸ்வீட் என்று குதித்தாள். எப்படி மறுப்பது, என்ன சொல்லி மறுப்பது, எங்களுக்கு ஒரே கட்டில் ஆகாது என்று மல்லிகை வைத்த பெண்ணிடம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. போய்ப் பார்த்தால் வயல் மாதிரி ஒரே கட்டில், நடுவில் வெள்ளைத் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள், மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ரோஜா இதழ். நித்திலா ஓடிப்போய் நடுவில் விழுந்தாள். "நான் நடுவுல. அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம்." அன்னங்கள் கலைந்து வெறும் துண்டாயின. முகுந்தன் பெட்டியைத் திறந்து, திறந்த பெட்டிக்குள் எதையோ ரொம்ப நேரம் தேடினான். இன்று ராத்திரி என்ன செய்வது. அவன் சோபாவில் படுத்துக்கொள்வான், குறட்டை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நித்தி, "அப்பாதான் குறட்டையே விடமாட்டாரே" என்பாள். ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே சோபாவுக்குப் போகலாம். அல்லது மூன்று பேருமே அந்த வயலில் படுத்துவிட்டு, நடுவில் தூங்குகிற பிள்ளையின் தலைக்கு மேலே இருட்டில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு கிடக்கலாம். அது கொடுமை. அதைவிடக் கொடுமை, நன்றாகத் தூக்கம் வந்துவிட்டால். பழக்கத்தில், தூக்கத்தில், கை நீண்டுவிட்டால்.

வக்கீலம்மாவிடம் கேட்காமல் வந்தது தப்போ. தனித்தனியாக வாழ்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வாய்தா இன்னும் இருக்கிறது, இந்த நேரத்தில் ஒரே அறை, ஒரே கட்டில், வரவேற்பில் அவளுடைய ஆதாரையும் நகலெடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்களா. யார் வரப்போகிறார்கள், இரண்டு பேருமே சம்மதித்துக் கேட்கிற விஷயத்தில் எதிர்க்கட்சி என்று யார் இருக்கிறார்கள். என்றாலும், நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சேர்ந்து ஊருக்குப் போய் வந்திருக்கீங்களே, அப்புறம் என்னம்மா?" என்று கேட்பதுபோல் தோன்றியது. அக்கா அதைத்தான் கேட்டாள். "சேர்ந்து போய் இருக்க முடியுதுன்னா சேர்ந்து வாழறதுக்கு என்னடி?" சேர்ந்து இருப்பது முடியாமலா போயிற்று. சண்டை கிடையாது, குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. அவளுக்காகத்தான் போன வருஷம் அவன் டூர் வேலையை விட்டு ஆபீசிலேயே உட்காருகிற வேலைக்கு மாறினான், சம்பளம் குறைந்தது, பாயிண்ட் நின்றது. தினமும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தான். வந்து உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாக அவன் ஊருக்குப் போவதையும் வருவதையும் தவிர அவர்களுக்குள் பேச ஒன்றுமே சேரவில்லை என்று. எப்போ கிளம்பறீங்க, எப்போ வருவீங்க, சாப்பாடு எப்படி, அங்கே குளிரா. அவன் கிளம்பாமல் போனதும் அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒரு நாள் ராத்திரி தன் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது அவள்தான் சொன்னாள். அவன் இல்லை, அவள்தான். "நமக்கு இது வேண்டாம்னு தோணுது." அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மோர் ஊற்றின சாதத்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எனக்கும்தான்" என்றான். அந்த எனக்கும்தான் உண்மையா, அவளைத் தனியாக விடக்கூடாது என்று சொன்னதா. இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

நித்திலாவிடம் சொல்வது மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. அதற்குப் பொய்கூடப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. அப்பாவுக்கு மறுபடியும் டூர், இந்தத் தடவை புனே, பெரிய வேலை, ரொம்ப நாள் ஆகும். பிறந்ததிலிருந்து அப்பா என்றாலே பெட்டி, அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். முகுந்தன் பெருங்குடியில் ஒரு மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வீடியோவில் கூப்பிடும்போது வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் பின்னால் கீரைக்காரியின் குரல் கேட்டுவிட்டது, "சிறுகீரை, முளைக்கீரை" என்று நல்ல சென்னைத் தமிழில். நித்திலா, "புனேல தமிழ் பேசுவாங்களாப்பா?" என்றாள். "பேசுவாங்கடா, நம்ம ஊர்க்காரங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க." சாருலதா சமையலறையில் நின்றுகொண்டு கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை முடியட்டும் என்றான். முடிந்தது. பிறந்தநாள் போகட்டும் என்றாள். போயிற்று. இப்போது இந்தப் பாயிண்ட். மூன்று பேருமாக ஒரு நல்ல நாள், அவள் பெரியவளானதும் நினைத்துப் பார்க்க ஒன்று இருக்கட்டும், அதற்கப்புறம் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அப்படி ஒரு நாளைக் கொடுத்துவிட்டு மறு நாள் பிடுங்கினால், அந்த நல்ல நாளையும் சேர்த்தல்லவா அது நாசம் பண்ணும். என்னை ஏமாத்தத்தானே கூட்டிட்டுப் போனீங்க என்று பதினைந்து வயதில் கேட்டால். சிரிக்க வைத்துக் காது குத்துகிற மாதிரிதானே இது. ஆசாரி வெல்லத்தைக் காட்டுகிற நேரத்தில்தான் ஊசி வரும். வெல்லமே வேண்டாம் என்று ஆகிவிடாதா அந்தப் பிள்ளைக்கு.

வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் தட்டில் ஈரத் துண்டும் எலுமிச்சை சோடாவும் கொண்டுவந்து வைத்தான். அவள் கேட்கவில்லை. இது அறையோடு சேர்ந்ததா, தனிக் காசா. காலைச் சாப்பாடு சேர்ந்தது என்றான் முகுந்தன், மற்றது தனி என்றான், சோடா எதில் வரும். குடித்துவிட்டால் குடித்ததுதான். துண்டு சில்லென்று இருந்தது, கழுத்தில் வைத்துக்கொண்டாள், குளோரின் வாசனையும் எதிர்வரிசை வெள்ளைக்காரியின் தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. கண்ணை ஒரு கணம் மூடினால் தேவலை போல் இருந்தது, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, மூடினாள். மூடின இமைக்குள் சிவப்பாக வெயில். திறந்தால் குளத்தில் நீலத் தொப்பி இல்லை.

இல்லை. ஆழமில்லாத பக்கத்தில் இரண்டு சின்னப் பையன்கள், நடுவில் ஒரு கிழவர் மல்லாந்து மிதக்கிறார், அந்தக் கோடியில் யாரும் இல்லை, தண்ணீர் மட்டும் கண்ணைக் குத்துகிற மாதிரி பளபளத்தது. எழுந்தாள், சோடா கவிழ்ந்தது, நித்தி என்று கத்தினோமா நினைத்தோமா என்று தெரியவில்லை, காலில் செருப்பில்லை, கல் சுட்டது, எதிர்ப்பக்கம் முகுந்தனும் எழுந்துவிட்டான், அவனும் தேடுகிறான், அப்படியானால் அவனும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் இருந்தும் இரண்டு பேருமே பார்க்கவில்லை. இப்படித்தான் ஆகும், இனி எப்போதும் இப்படித்தான், அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும் அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும். அதற்குள் ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீர் பிளந்து நீலத் தொப்பி மேலே வந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆழமான இடம்கூட இல்லை. மூச்சு வாங்க, "எவ்ளோ நேரம் இருந்தேன்?" என்றாள். முகுந்தன் பாதிப் படிக்கட்டில் தண்ணீருக்குள் நின்றான், பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. குளத்துக்கு மேலாக அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த பயம் அப்படியே அவன் முகத்திலும் இருந்தது, அளவெடுத்துத் தைத்த மாதிரி. இத்தனை மாதத்தில் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பொருள் அதுதான் என்று நினைத்தாள். "சாரு, நீங்க உக்காருங்க" என்றான், சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். "நீ உக்காரு. நான் இங்கயே நிக்கறேன்."

நித்திலா அதைக் கேட்டாளா. தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள். காதில் தண்ணீர் போயிருக்கும், கேட்டிருக்காது.

சோடா கொண்டுவந்த பையன் உடைந்த தம்ளரைப் பொறுக்கிக்கொண்டு போனான், திரும்பி வந்து, அவர்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "ஃபேமிலி போட்டோ ஒண்ணு எடுத்துத் தரட்டுமா மேடம், பின்னாடி கடல் நல்லா விழும்" என்றான். வேண்டாம் என்று சொல்லும் முன் நித்திலா தண்ணீரிலிருந்து ஏறி வந்துவிட்டாள். மூன்று பேரும் மதிலோரம் நின்றார்கள். "சார், கொஞ்சம் மேடம் பக்கம் தள்ளி. இன்னும் கொஞ்சம்." முகுந்தன் தள்ளினான். அவன் கை அவள் தோளுக்குப் பின்னால் வந்து, தொடாமல், காற்றில் நின்றது. அந்தக் கையின் சூடு மட்டும் பட்டது. பையன் எண்ணிக்கொண்டே இருந்தான், பாவம் முகுந்தன், எவ்வளவு நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பான், வைத்தால் என்ன, நான் என்ன சுட்டுவிடவா போகிறேன், ஆனால் வைத்தால் என்ன ஆகும். நித்திலா இருவரின் கையையும் இரண்டு கையால் பிடித்திருந்தாள். விரல்கள் சில்லிட்டு, ஊறிப்போய்க் கிழவி விரல் மாதிரி சுருங்கி இருந்தன. எடுத்து முடித்ததும் ஓடிப்போய் போனை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முகத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், அம்மாவை, அப்பாவை, கடைசியாகத் தன்னை. "மூணு பேரும் சிரிச்சிருக்கோம்" என்றாள். கணக்கு டெஸ்டில் விடை சரி என்று தெரிந்த குரல். பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் குளத்து விளிம்பில் போய் நின்றாள். மூக்கைப் பொத்தினாள். நின்றபடியே திரும்பினாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது, பல் கிட்டியது, சின்ன முழங்கால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது.

"அம்மா," என்றாள். "இன்னும் எவ்ளோ நேரம் விளையாடணும்?"

சாருலதாவுக்கு முதலில் விளங்கவில்லை. "உனக்கு எவ்ளோ நேரம் வேணுமோ அவ்ளோ நேரம்டா" என்றாள்.

"எனக்கு வேணாம். ரொம்ப நேரமாவே குளுருது." அப்பா பக்கம் ஒரு பார்வை, குரலைத் தாழ்த்தி, "நான் வெளிய வந்தா நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"

சாருலதா பெரிய துண்டை விரித்துக்கொண்டு போனாள். துண்டுக்குள் நித்திலாவைச் சுற்றி, தலையைத் துவட்டி, அந்த ஈரத் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை எப்போதிலிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. காலையிலிருந்தா, போன மாதத்திலிருந்தா. ஸ்வீட், ஸ்வீட் என்று குதித்தது, கட்டிலில் விழுந்து இடம் பிரித்துக் கொடுத்தது, பாரு பாரு என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டது, அதெல்லாம் விளையாட்டா வேலையா. அவளுக்காக இவர்கள் இங்கே வந்து சிரித்துக்கொண்டிருக்க, இவர்களுக்காக அவள் குளிரில் குதித்துக்கொண்டிருந்தாளா. யாருக்காக யார் இந்த ஹோட்டலில் தங்குகிறார்கள். அழக்கூடாது, அழுதால் இவள் மறுபடியும் போய்க் குதிப்பாள்.

அறைக்கு வந்தார்கள். நித்திலா சூடான தண்ணீரில் குளித்து, பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் டிவியில் எதையோ பார்த்து, அந்த வயல் கட்டிலின் ஒரு ஓரத்தில், நடுவில்கூட இல்லை, ஓரத்தில் சுருண்டு தூங்கிவிட்டாள். வெயில் சாய்ந்து திரைச்சீலையில் மஞ்சளாக விழுந்திருந்தது. ஏழு மணிக்குக் கடலோரம் மெழுகுவர்த்தி வைத்து மூன்று பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தான் முகுந்தன். சத்தமில்லாமல் போனை எடுத்து, "வேண்டாம், கேன்சல் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் சோபாவில், அவள் ஜன்னல் மேடையில். தூங்குகிற பிள்ளையின் மூச்சு இருவருக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்றான், காற்றுக் குரலில்.

"என்ன தெரியும்னு தெரியல. ஆனா நாம சந்தோஷமா இல்லேன்னு தெரியும்."

"இங்க வந்தது தப்பு. பாயிண்ட் போனாப் போகட்டும்னு விட்டிருக்கணும்."

அவள் யோசித்தாள். தப்பு என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா. வீட்டில் நித்திக்கு வீட்டுப்பாடம் இருக்கும், அவளுக்கு அடுப்பு இருக்கும், எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டு ஒளிந்துகொள்ளலாம். இங்கே சந்தோஷமாக இருப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை, அதனால் அது முடியவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எப்போ சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுந்ததும்" என்றான்.

"இங்கயா?"

"இங்கதான். இன்னொரு நல்ல இடம், இன்னொரு நல்ல நாள்னு பாத்தா…" முடிக்கவில்லை. பிறகு, "நான் சொல்லட்டுமா?" என்றான். அது ஒரு உபகாரம் என்று அவளுக்குத் தெரிந்தது, வாங்கிக்கொள்ள ஆசையாகவும் இருந்தது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னவள் அவள். "நான்தான் சொல்லணும்" என்றாள்.

உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை எழுந்திருக்க வேண்டும் என்றும் எழுந்திருக்கவே கூடாது என்றும் இருந்தது. முதல் வார்த்தை என்ன. அப்பாவும் அம்மாவும் என்று தொடங்குவதா, உன் மேல எங்களுக்கு என்று தொடங்குவதா, எல்லாமே யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி நாக்கில் புரண்டு விழுந்தன. நித்திலா ஒரு தடவை புரண்டாள், மறுபடியும் மூச்சு சீரானது. வெளியே வெளிச்சம் குறைந்து கடல் ஈயம் மாதிரி ஆயிற்று. யாரும் விளக்குப் போடவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தால் நித்திலா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. சோபாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கிற அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சாருலதா நினைத்தாள். ஜன்னல் மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கட்டிலில் அவள் காலடியில் உட்கார்ந்தாள். சேர்த்து வைத்திருந்த தொடக்கம் எல்லாம் காணாமல் போயிருந்தது.

"நித்தி, அப்பா புனேல இல்லடா," என்றாள். "அப்பா பெருங்குடியில இருக்கார். தனியா ஒரு ரூம்ல. இனிமே அங்கதான் இருப்பார். நாம ரெண்டு பேரும் நம்ம வீட்ல இருப்போம்."

நித்திலா போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். முகுந்தன் சோபாவிலிருந்து எழுந்து வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவள் அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள், அதற்கான கைகளை இருவரும் தயாராக வைத்திருந்தார்கள்.

"பெருங்குடியா?" என்றாள் கடைசியில், அப்பாவைப் பார்த்து. "எங்க ஸ்கூல் வேன் தினமும் அந்த வழியாத்தானேப்பா போகுது?"